பார்வைக்கும் ஓர் அதபு

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மகள் குடும்பத்தாருடன் பழவேற்காடு ஏரியைப் பார்க்கச் சென்று வந்தேன். மறுநாள் ஸுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, என்னினும் பத்து வயது மூத்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “கொக்கையும் நாரையையும் பார்க்கவா வேன் வைத்துக்கொண்டு போனீர்கள்? அந்த வாடகைப் பணத்தை ஓர் ஏழைக் குமரின் கல்யாணத்துக்குக் கொடுத்திருந்தால் நன்மையாவது எழுதப்பட்டிருக்குமே!”

அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. அல்லாஹ்வுக்கு அஞ்சி நடப்பவர். செலவிடும் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு உண்டு என்பதை நம்புகிறவர். நான் ஏதோ பதில் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அன்று முழுவதும் என் மனம் அமைதியடையவில்லை. அவர் கேட்ட கணக்குக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். அவர் கேளாத கணக்கு ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஊர் சுற்றிப் பார்ப்பது வீண் செலவா? மார்க்கம் தடுத்த காரியம் எதுவும் கலவாத பயணம் முபாஹானது. அதை நன்மையாக்குவதும் வெறும் பொழுதுபோக்காக்குவதும் நம் நிய்யத்தைப் பொறுத்தது. திருக்குர்ஆன் ஒட்டகத்தையும் வானத்தையும் மலையையும் பூமியையும் சுட்டிக்காட்டி, அவற்றை உற்று நோக்குமாறு மனிதனைத் தூண்டுகிறது. தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைத் தாங்கி நிற்பவன் யார் என்று சிந்திக்க வைக்கிறது. இறக்கைகளால் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும், அவை தத்தம் தஸ்பீஹை அறிந்திருக்கின்றன என்றும் அறிவிக்கிறது. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு எப்படியாயிற்று என்று பார்த்துவரவும் சொல்கிறது. எனவே கண்ணுள்ளவன் காண்பது வீணாகாது. கண்டும் படிப்பினை பெறாமல் திரும்புவதே வீண். ஏழைக் குமருக்குக் கொடுப்பது கடமையுணர்வு. அதை இது மாற்றிவிடாது. இரண்டுக்கும் வாழ்வில் இடமுண்டு.

பெரியவருக்கு இவ்வளவு பதில் போதும். ஆனால், நல்ல நிய்யத்துடன் பார்க்கப் போனவன், அங்கே போய் என்ன செய்தான் என்பது வேறு கேள்வியன்றோ!

பழவேற்காடு ஏரி, சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தண்ணீர் பெருகியுள்ள காலத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டர் பரந்து கிடப்பது. அதன் பெரும்பகுதி ஆந்திராவிலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் உள்ளது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்ட வரப்பைப் போலப் படுத்திருக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புக, இரண்டும் கலந்த ஆழமற்ற நீரில் இறாலும் மீனும் நண்டும் புழுப்பூச்சிகளும் பெருகுகின்றன. பல இடங்களில் ஓர் ஆள் இறங்கி நடக்கலாம். இந்த ஆழமின்மைதான் பறவைகளுக்கு அல்லாஹ் விரித்து வைத்த விருந்து. ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் வரத் தொடங்கும் பூநாரைகள், மார்ச் வரை இங்கே ஆயிரக்கணக்கில் தங்கி இரை தேடுகின்றன. கூழைக்கடாவும் உள்ளானும் கொக்கும் உடனிருக்கும்.

பூநாரையின் அமைப்பே ஓர் அத்தாட்சி. நீண்ட காலில் நின்று, கழுத்தை வளைத்து, தலையைக் கீழ்மேலாகக் கவிழ்த்து, அலகைச் சேற்றுநீரில் வைத்து உண்கிறது. நாக்கு நீரை உறிஞ்சித் தள்ள, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற பற்கள் சல்லடையாகி இரையை மட்டும் நிறுத்திக்கொள்கின்றன. குஞ்சாக இருக்கையில் அதன் இறகு சாம்பல் நிறம். வளர வளர, உண்ணும் பாசியிலும் சிற்றுயிரிலும் உள்ள சாயம் உடலில் சேர்ந்துதான் அந்த ரோஜா நிறம் வருகிறது. உண்பதே மேனியில் நிறமாகத் தெரிகிறது! நாம் உண்ணும் ஹலாலும் ஹராமும் இப்படி நம் தோலில் தெரிந்துவிடுமானால், எத்தனை பேர் வீட்டைவிட்டு வெளியே வருவோம் என்று எண்ணிப் பார்த்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலையில் புறப்பட்டு, சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரியின் குறுக்கே போடப்பட்ட சாலை அது; இரு மருங்கிலும் தண்ணீர். நல்ல தொலைவில் பூநாரைக் கூட்டம் ஒன்று தலை கவிழ்ந்து மேய்ந்துகொண்டிருந்தது. தூரத்துக்கு வெள்ளைப் பூச்செடி வரிசை போலிருந்ததே தவிர, அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படவில்லை. நிற்கும்போது மடங்கியிருக்கும் அந்த நிறம், பறக்கும்போதுதான் சிறகின் உள்ளிருந்து வெளிப்படும்.

மகள் வயிற்றுப் பேரனுக்குப் பதினொரு வயது. வாப்பாவின் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, “நன்னா, எல்லாம் சும்மா நிக்குதே! எப்ப பறக்கும்?” என்று பத்து முறை கேட்டுவிட்டான். வேன் ஓட்டி வந்தவர் சிரித்துக்கொண்டே, “நீட்டி ஒரு ஹாரன் அடிச்சா தானா எழும்பிடும் பாய், அடிக்கட்டுமா?” என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையை மறைப்பானேன்? இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துத் திரும்புவதா என்று எனக்கும் ஆசை இருந்தது. தலையை அசைத்தேன். ஹாரன் ஒலித்தது. பிள்ளைகள் கரைச் சரிவில் இறங்கிக் கைகொட்டிக் கூவிக்கொண்டு ஓடினார்கள். கூட்டம் முழுவதும் ஒன்றாகத் தலை நிமிர்ந்தது. தண்ணீர்மேல் சில அடி ஓடி எழும்பியது. கருஞ்சிவப்பு விசிறிகள் நூறு நூறாக விரிந்தாற்போல வானம் நிறைந்தது. எங்கள் எல்லோர் வாயிலிருந்தும், “ஸுப்ஹானல்லாஹ்!” என்ற சொல் ஒரே குரலாக வந்தது.

அருகே வலையிலிருந்து பாசியைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர் தலை நிமிர்ந்தார். கோபமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. தெலுங்கு கலந்த தமிழில், “சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுங்க பாய். சாப்பாட்டுலேந்து எழுப்பி விட்டுட்டீங்களே” என்றார். சொல்லிவிட்டு மீண்டும் வலையில் குனிந்துகொண்டார்.

வாசக நேயர்களே! அந்த ஒரு வார்த்தை என்னைக் குத்தியது போல எந்த பயானும் குத்தியதில்லை. நம் வீடுகளில் ஸஹனைச் சுற்றி உட்கார்ந்து பிஸ்மில்லாஹ் சொல்லிக் கைவைத்தவர்களை, வேடிக்கை பார்ப்பதற்காக எவனாவது கூச்சலிட்டு எழுப்புவானா? எழுப்பினால் அவனை நாம் என்னவென்று சொல்வோம்? நான் செய்ததும் அதுதானே! இன்னும் ஒன்று: அப்பறவைகளுக்கும் ஒரு தஸ்பீஹ் உண்டென்று நம்புகிறவன் நான். அவற்றின் தஸ்பீஹைக் கலைத்துவிட்டு, அதைக் கண்டு நான் தஸ்பீஹ் சொன்னேன். நாவு அல்லாஹ்வைத் துதித்தது; கை அவனுடைய படைப்பை விரட்டியது. இந்தத் துதி எந்தத் தட்டில் வைக்கப்படும்?

வேனில் திரும்பும்போது என் மனமே எனக்கு வக்கீலாக வாதாடியது. அதன் வாதங்கள் மூன்று.

முதல் வாதம்: பூமியில் உள்ளவை அனைத்தும் மனிதனுக்காகவே வசப்படுத்தித் தரப்பட்டவை. அறுத்து உண்ணவே அனுமதி இருக்கும்போது, பறக்கவிட்டுப் பார்ப்பதில் என்ன பிழை?

இதற்குப் பதிலை மார்க்கமே தருகிறது. உண்ண அனுமதித்த அதே மார்க்கம், அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொல்லவும், கத்தியைத் தீட்டிக்கொள்ளவும், பிராணிக்கு வேதனையைக் குறைக்கவும் கட்டளையிட்டது. ஆனால் உயிருள்ள பிராணியைக் குறிவைத்து விளையாடும் பலகையாக ஆக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்துள்ளார்கள். பிராணிக்கு நேர்வது இரண்டிலும் மரணம்தான். ஒன்று ஹலால், மற்றொன்று சாபத்துக்குரியது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? தேவைக்கும் வேடிக்கைக்கும் நடுவில் இருக்கிறது. வசப்படுத்தித் தரப்பட்டது என்றால் கையில் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டது என்று பொருள். கைக்கு விளையாட்டுச் சாமானாகக் கிடைத்தது என்று பொருளல்ல. என் ஹாரன் எந்தத் தேவைக்காக ஒலித்தது?

இரண்டாம் வாதம்: அப்படியென்ன பெரிய துன்பம்? ஒன்றும் சாகவில்லை. ஒரு வட்டமடித்துவிட்டு இறங்கிவிட்டன.

பயணத்தின்போது ஸஹாபாக்களில் சிலர் சிறுபறவை ஒன்றின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள் என்றும், தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்து வட்டமிட்டது என்றும், அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் என்றும் அபூதாவூதில் வருகிறது. அங்கேயும் ஒன்றும் சாகவில்லை. குஞ்சுக்குக் காயம்பட்டதாகவும் இல்லை. ஒரு பறவையின் தவிப்பு மட்டுமே இருந்தது. அந்தத் தவிப்பே கணக்கில் எடுக்கப்பட்டது. மேலும், நான் ஒருவன் அடித்த ஹாரன் சிறிதுதான். அன்று விடுமுறை நாள். எனக்கு முன்னும் பின்னும் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பேரன், ஒரு கைபேசி, ஓர் ஆசை. எழும்பிப் பறக்கும் ஒவ்வொரு முறையும் பறவை தான் உண்டு சேர்த்த பலத்தைச் செலவிடுகிறது. உண்ணும் நேரத்தையும் இழக்கிறது. கட்ச் பாலைவனத்து உப்புச் சதுப்பில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இனம் இது. இரைக்காகவே தூரதேசம் கடந்து வருகிறது. விருந்துக்கு வந்தவர்களை வாசலுக்கு வாசல் துரத்தும் ஊரில், எந்த விருந்தாளி மறு வருஷம் கால்வைப்பான்? சிறு பாவத்தைச் சிறிதென்று காட்டுவது, அதைச் செய்கிற ஒவ்வொருவனும் தன்னை ஒருவனாக மட்டுமே எண்ணிக்கொள்வதால்தான்.

மூன்றாம் வாதம் கொஞ்சம் கெட்டியானது: அப்படியானால் எவரும் பார்க்கவே போகக் கூடாதா? மனிதன் காலடி பட்டாலே பறவைக்கு இடைஞ்சல்தானே? பார்க்காதவனுக்கு அவற்றின்மேல் பரிவு எங்கிருந்து வரும்?

இந்த வாதத்தை நான் தள்ளிவிட முடியவில்லை. பார்க்கத்தான் வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் பார்வைக்கு நம் மார்க்கம் ஓர் அதபை வைத்திருக்கிறதே, அதை மறந்துவிட்டோம். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றால் ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். மும்முறை கேட்டும் பதில் வராவிட்டால் முகம் சுளிக்காமல் திரும்ப வேண்டும். அனுமதியின்றி உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. பார்க்கும் ஆசை இருப்பதால் மட்டும் பார்க்கும் உரிமை வந்துவிடாது என்பது இதன் சாரம். பறவையிடம் வாயால் அனுமதி கேட்க முடியாது. ஆனால் அது நமக்குப் பதில் சொல்லாமல் இருப்பதில்லை. தலை கவிழ்ந்து மேய்ந்துகொண்டிருக்கும்வரை அனுமதி உண்டு. தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்தால், அது “நில்” என்கிறது. ஓரடி நகர்ந்தால் “திரும்பு” என்கிறது. அந்தத் தூரமே அதன் வீட்டு வாசற்படி. அங்கிருந்து தெரிவது எவ்வளவோ அவ்வளவே நம் நஸீபு. சிவப்பு தெரியவில்லையா? காத்திருக்கலாம், அவை தம் விருப்பத்தில் பறக்கும் நேரமும் வரும். வராவிட்டால், வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்ததற்கே அல்ஹம்துலில்லாஹ் சொல்லித் திரும்பலாம். இது ஃபத்வா அல்ல. ஒரு பாமரனின் யோசனை. தவறிருந்தால் ஆலிம் பெருமக்கள் திருத்துவார்களாக!

லுஹருக்குப் பழவேற்காடு ஊருக்குள் வந்து சேர்ந்தோம். அரபு நாட்டிலிருந்து மரக்கலத்தில் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் என்று பரம்பரையாகச் சொல்லிக்கொள்ளும் முஸ்லிம் குடும்பங்கள் வாழும் ஊர். அரபுத்தமிழ் எழுதிப் படித்த ஊர். இவ்வூர்ப் பெயரை நம்மில் பலர் அறியாமலே இடுப்பில் கட்டியிருக்கிறோம். ‘பாளையக்காட்டு’ லுங்கி என்பது பழவேற்காட்டின் பெயரே. மலாய் நாட்டு முஸ்லிம்கள் ஜும்ஆவுக்குக் கட்டிச் செல்லும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்றே பெயர். இங்குள்ள பழைய பள்ளியொன்றில், தொழுகை நேரத்தைக் கணிக்க அமைத்த நிழற்கடிகாரம் உண்டு. ஊரார் சூரியனைப் பார்த்து லுஹர் அறிந்தார்கள். பூநாரைகளும் பருவத்தைப் பார்த்தே வருகின்றன, போகின்றன. இருவருக்கும் நேரம் குறித்தவன் ஒருவனே.

தொழுதுவிட்டு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. டச்சுக் கம்பெனியார் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரைக்கே இதைத் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். துணியை ஏற்றினார்கள், ஆயிரக்கணக்கான மனிதர்களையும் அடிமைகளாக்கி இத்துறையிலிருந்து கப்பலேற்றினார்கள். இன்று அந்தக் கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிக் கிடக்கிறது. ‘இந்த உலகம் நம் பயனுக்காகவே’ என்று எண்ணியவர்களுக்குக் கடைசியில் மிஞ்சியது ஆறடிக் கல்லும் அதில் செதுக்கிய எலும்புக்கூடும்தான். முன்சென்றோரின் முடிவைப் பார்க்கச் சொன்னதன் ஹிக்மத்தை அங்கே உணர்ந்தேன்.

அவர்களுக்கு நேர்மாறான ஒரு முறையும் அதே ஏரியில் உண்டு. அதை மீனவர்கள் ‘பாடு’ என்கிறார்கள். எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதைக் குலுக்கல் போட்டும் முறை வைத்தும் தங்களுக்குள் வகுத்துக்கொள்கிறார்கள். வலுத்தவன் நல்ல இடத்தை நாளெல்லாம் பிடித்துக்கொள்ள முடியாது. இதிலும் குறையுண்டு, முறைக்குள் சேர்க்கப்படாதோருக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனாலும், தண்ணீரில் மக்கள் அனைவரும் கூட்டாளிகள் என்ற நபிமொழியின் வாடை இம்முறையில் வீசுகிறது. ஏரியை நம்பி வயிறு வளர்ப்பவனே தனக்கு ஓர் எல்லை போட்டுக்கொள்கிறான். ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிற நாமோ, நாம் எதையும் எடுக்கவில்லை என்ற எண்ணத்தால் எந்த எல்லையும் நமக்கில்லை என்று நினைக்கிறோம். என்னை அன்று தட்டிக் கேட்டவர் ஆலிமல்லர், அதிகாரியுமல்லர், அந்த வலைக்காரர்தான்.

சரி, செய்தது செய்தாகிவிட்டது. தவ்பா செய்வது எப்படி? அல்லாஹ்வுக்கும் நமக்கும் நடுவிலுள்ள குற்றமானால் அவனிடம் அழுது கேட்கலாம். மனிதனுக்குச் செய்த தீங்கானால் அவனிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். பறவையிடம் யார் போய்க் கேட்பது? கொம்பில்லாத ஆட்டுக்கும் கொம்புள்ள ஆட்டிடமிருந்து மஹ்ஷரில் நியாயம் வாங்கித் தரப்படும் என்று ஹதீஸில் வருகிறது. ஆட்டுக்கு ஆடு கணக்குத் தீர்க்கும் அந்த மைதானத்தில், அறிவு கொடுக்கப்பட்ட நான் எந்த முகத்தோடு நிற்பேன்? வருந்துவதும், இனிச் செய்யமாட்டேன் என்று உறுதிகொள்வதும், இன்னும் நான்கு பேரைத் தடுப்பதும் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. வெட்கத்தை விட்டு இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

அன்றிரவு பேரன் கைபேசியுடன் அருகில் வந்தான். அவனும் அந்த மீனவர் சொன்னதைக் கேட்டிருக்கிறான். “நன்னா, இந்தப் படத்தை அழிச்சிடவா? இல்லேன்னா ஹாரன் சத்தத்தை மட்டும் எடுத்துட்டு நல்ல கஸீதா ஒண்ணு போட்டுடவா?” என்றான்.

சிறிது நேரம் யோசித்தேன். “இரண்டும் வேண்டாம் வாப்பா. சத்தத்தோடேயே வைத்துக்கொள். யாருக்காவது காட்டினால், ஹாரனையும் கேட்கவிட்டே காட்டு. இவை ஏன் பறந்தன என்று அவர்கள் கேட்பார்கள். நன்னாதான் எழுப்பி விட்டார் என்று சொல்” என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பெரியவருக்கும் இனிமேல்தான் உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும்: வேன் வாடகைக்கு என்னிடம் கணக்கு இருக்கிறது, அந்த ஹாரனுக்குத்தான் இல்லை.

யா அல்லாஹ்! உன் படைப்புகளைப் பார்க்கும் கண்ணைத் தந்தவனே! அவற்றைக் கலைக்காமல் பார்க்கும் அதபையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.